நாலாம் நம்பர் முதுகு

பதினோரு வருஷம் நான் பார்த்தது
உச்சிமாகாளியின் முதுகை.
நாலு என்று எழுதிய பனியன்,
வேர்வை முதலில் இறங்குவது
இடது தோள்பட்டைக்குக் கீழே.
கோல் போஸ்டில் நிற்கிறவனுக்கு
தடுத்தாடுகிறவன் முகம் எதற்கு?

கோவில்பட்டியில் அன்றைக்குச் சரளை மைதானம்.
விழுந்தால் முட்டியில் கல் ஏறும்.
தீப்பெட்டி ஆபீஸ் சங்கு ஊதினால்
இன்னும் பத்து நிமிஷம் என்று கணக்கு.
அவன் அம்மா மருந்து வாடையோடு
வேலியோரம் வந்து நிற்பாள்.
ஆட்டம் பார்க்க இல்லை,
ரேஷன் கார்டை எங்கலே வச்ச என்று கேட்க.

பிறகு பாளையங்கோட்டை விடுதி.
முதல்முறையாக நீலத் தரையில் ஆடினோம்,
தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்.
பந்து சத்தமே இல்லாமல் வந்தது.
"சவம், கண்ணாடியில உருண்ட மாதிரில்லா வருது"
என்றான், நாலு கோல் வாங்கிய பிறகு.
அன்று ராத்திரி
வராந்தா சிமெண்டில் வாளி வாளியாய் ஊற்றி
என்னை அடிக்கச் சொல்லி எதிரே நின்றான்.
விடியற்காலையில் வார்டன் வழுக்கி விழுந்தார்.
மூன்று நாள் எங்கள் இரண்டு பேருக்கும்
முட்டை கிடையாது.

பெனால்டி கார்னர் என்றால்
ஒருவன் உள்ளே தள்ளுவான், ஒருவன் நிறுத்துவான்,
ஒருவன் இழுத்து எறிவான்.
அதற்குள் கோட்டிலிருந்து முதல் ஆளாய்
ஓட வேண்டியவன் உச்சி.
பந்தை எடுக்கவா ஓடினான்?
பந்துக்குத் தன்னைக் காட்ட ஓடினான்.
தொடை, முழங்கால், ஒரு தடவை தாடை.
போபாலில் இரண்டு பல் போயிற்று.
ஒன்றை மறுநாள் காலை
தரைக்குத் தண்ணீர் அடிக்கிறவர்
காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

ரயில்வேயில் வேலை கிடைத்தது.
இந்திய அணி முகாமுக்கு
இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.
நாற்பது பேர் பட்டியல் பதினெட்டாகிறபோது
இரண்டு தடவையும் அவன்
சாத்தூர் தாண்டி வந்துகொண்டிருந்தான்.
ஒரே ஒரு வருஷம் லீக்.
ஏலத்தில் அடிப்படை விலைக்கும் கை தூக்க ஆளில்லை.
எவனுக்கோ கணுக்கால் உடைந்து, ஆறு ஆட்டம் ஆடினான்.
அந்தப் பணத்தில்தான் அம்மா வீட்டுக்குக்
கான்கிரீட் போட்டது. பூச்சு பாக்கி.

அவன் மட்டையில் பட்டு
வலைக்குள் போன பந்து ஒன்றே ஒன்று.
அது என் வலை.
அரையிறுதி, கடைசி நிமிஷம்.
அந்தக் கோலையும் அடித்தவன் பேரில்தான் எழுதினார்கள்.
நான் திட்டியதை எழுத முடியாது.
உச்சி திரும்பவில்லை.
கழுத்து நரம்பு ஒன்று எழும்பி அடங்கியது.

போன மாசம் மணியாச்சி ஜங்ஷன்.
கறுப்புக் கோட்டு, கையில் டிக்கெட் பட்டியல்,
எனக்கு எதிரே நின்று டீ குடிக்கிறான்.
வலது புருவத்தில் நீளத் தழும்பு.
"இது எப்பம்டே?"
"ஜலந்தர்ல. நீதான பின்னால நின்ன."

முழங்காலைப் பற்றிப் பேசினோம்,
பஞ்சப்படியைப் பற்றி,
மகளுக்குப் பள்ளிக்கூட வேன்காரன் கேட்கும் காசைப் பற்றி.
வண்டிக்குச் சிக்னல் விழுந்ததும்
வாரேன் என்று நடந்தான்.
அப்போதுதான் எனக்கு
ஆளை முழுசாக அடையாளம் தெரிந்தது.

தூத்துக்குடி மீன்பெட்டி ஏற்றிய தள்ளுவண்டி
ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுக
அவன் இடப்பக்கம் வேகமாக வருகிறது.
என்னை அறியாமல் கத்தினேன்,
"உச்சி, லெஃப்ட்டு!"

விலகியிருக்க வேண்டும்.
திரும்பிக்கூடப் பார்க்காமல்
இடதுகாலை அகற்றி வைத்து
இடுப்பைத் தாழ்த்தி
வண்டிக்குக் குறுக்கே போய் நின்றான்.

வண்டிக்காரர் கெட்ட வார்த்தையில் வைதார்.
பெட்டி ஒன்று சரிந்து
பிளாட்பாரமெல்லாம் ஐஸ்.